பழைய வீடுகளைப் பழுது பார்க்க அரசு வழி செய்திருக்கிறதா? செஞ்சி வணிகர்கள் அறிய வேண்டியவை

2025 ஜூலை 11 அன்று பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராத்தியர் காலப் படையரண்கள் என்ற தொகுப்பில் இந்தியாவின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. 1677இல் சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்திய கோட்டை என்பதால் இந்தப் பெருமை வந்து சேர்ந்தது. வணிகர்கள் இதை வரவேற்பது இயல்பே. வெளியூர் ஆட்கள் வந்தால் வியாபாரம் பெருகும்.

ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்தே வந்திருக்கிறது. கோட்டை கல்லால் ஆனது. அதைப் பார்த்துக்கொள்ள மத்தியத் தொல்லியல் துறை இருக்கிறது. கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் நம் ஊரின் பழைய வீடுகளை, அதாவது முன்னால் கடையும் பின்னால் குடித்தனமுமாக மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்த வீடுகளை, யார் பார்த்துக்கொள்வது? அவற்றை இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா? பழுது பார்க்க அரசு பணம் தருமா? தொல்லியல் துறை தடுக்குமா? வாடகைக்கு இருப்பவர் காலி செய்ய வேண்டி வருமா? இவற்றுக்கு விளக்கம் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புது வீடு கட்டுவதற்கு அரசுத் திட்டம் உண்டு, மானியம் உண்டு, வரிச் சலுகை உண்டு, எளிய அனுமதியும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் பழைய வீட்டைப் பழுது பார்த்துக் காப்பாற்ற நினைப்பவருக்கு இவற்றில் பெரும்பாலானவை கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு நீங்காத வரை பழைய கடைத்தெருக்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டுதான் இருக்கும். அதே சமயம், இருக்கிற சட்டத்துக்குள்ளேயே நமக்குப் பயன்படும் வழிகள் சில உள்ளன. அவற்றைப் பலரும் அறியவில்லை.

பழைய வீடு ஏன் கெடுகிறது?

நம் பக்கத்துப் பழைய கடைவீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியவை. மேலே நாட்டு ஓடு அல்லது சீமை ஓடு. வசதியான வீடுகளில் தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளைப் பரப்பி, செங்கல்லைச் சுண்ணாம்பில் சாய்த்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துத் தட்டோடு பதித்த 'மெட்ராஸ் டெரஸ்' மாடி. இவை பலவீனமான வீடுகள் அல்ல. நூறு ஆண்டு நின்றவை, பராமரித்தால் இன்னும் பல ஆண்டு நிற்கும்.

கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மாடியில் தண்ணீர் போகும் துவாரம் அடைத்துக்கொள்கிறது. சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைக்கிறது. உடைந்த ஓட்டை மாற்றாமல் விடுவதால் கைமரம் ஊறிக் கரையான் ஏறுகிறது. தெருவுக்குப் புதுத் தார் போடும்போதெல்லாம் சாலை உயர்ந்து, திண்ணை தாழ்ந்து, மழைநீர் வாசலுக்குள் வருகிறது. இதற்கு மேல், நல்லது செய்வதாக எண்ணி நாமே செய்யும் ஒரு தவறும் உண்டு. சுண்ணாம்புச் சுவர் மீது சிமெண்டு பூசுகிறோம். சுண்ணாம்பு உள் ஈரத்தை வெளியே விடும் தன்மை உடையது. சிமெண்டு அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் அரித்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. 'வீடு பழசாகிவிட்டது, இடிக்க வேண்டியதுதான்' என்று முடிவு கட்டுகிறோம். கெட்டது வீடு அல்ல, பூச்சுதான்.

2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நம் மாவட்டத்தார் மறக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. அத்தகைய மழை பெய்யும்போது, பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட சிறு பழுதுகளெல்லாம் ஒரே இரவில் பெரிய பழுதாகிவிடுகின்றன. ஓடு மாற்றும் செலவோடு முடிய வேண்டியது சுவர் எழுப்பும் செலவாகிறது.

அரசுத் திட்டங்கள் சென்ற பாதை

சுதந்திரத்துக்குப் பின் வீட்டு வசதிக் கொள்கை என்றாலே புதிதாகக் கட்டுவது என்றுதான் பொருள் கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டில் 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. குடிசையை அகற்றி அடுக்குமாடி கட்டுவது அதன் நோக்கம். 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. குடிசைவாசிகளுக்கு அது தேவையான பணிதான். கடைத்தெருவில் உள்ள சொந்தப் பழைய வீடு அந்த வாரியத்தின் எல்லைக்குள் வருவதில்லை.

பழைய வீட்டைச் செப்பனிடுவதற்கென்று மத்திய அரசு செய்த முயற்சிகளும் உண்டு. 1989இல் நேரு வேலைவாய்ப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக, நகர்ப்புற ஏழைகள் வீட்டைச் செப்பனிட ரூ.1,000 மானியமும் ரூ.3,000 கடனும் தரும் திட்டம் வந்தது. ஆனால் அது 1 லட்சம் முதல் 20 லட்சம் வரை மக்கள் உள்ள நகரங்களுக்கு மட்டுமே. செஞ்சி பேரூராட்சியில் 2011 கணக்கெடுப்பின்போதுகூட சுமார் 27,000 பேர்தான். ஆகவே நம் போன்ற ஊர்கள் தொடக்கத்திலேயே விடுபட்டன. 2001இல் வந்த வால்மீகி அம்பேத்கர் வீட்டு வசதித் திட்டத்தில், புது வீட்டுக்கான உச்சத் தொகையில் பாதி வரை பழைய வீட்டை மேம்படுத்தப் பெறலாம் என்று இருந்தது. அதுவும் குடிசைப் பகுதிகளில் வசிக்கும் வறியவர்களுக்கானது.

2015 ஜூன் மாதம் பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் தொடங்கியது. இதில் பேரூராட்சிகளும் இடம்பெற்றன. சொந்த மனையில் கட்டிக்கொள்வோருக்கு மத்திய அரசு ரூ.1.5 லட்சம் தந்தது. இருக்கிற வீட்டை 'விரிவாக்க'வும் இதில் வழி இருந்தது. ஆனால் விரிவாக்கம் என்றால் குறைந்தது 9 சதுர மீட்டர் கூடுதலாகக் கட்ட வேண்டும். உத்திரம் மாற்ற, ஓடு மாற்ற, சுவரைச் சரிசெய்ய என்று பழுதுக்கு மட்டும் கேட்டால் கிடையாது. மேலும், உறுதியான சொந்த வீடு எதுவும் இல்லாத குடும்பமே பயனாளி என்பது பொது விதி. செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள பழைய வீடு, ஒழுகினாலும் சரி, 'உறுதியான வீடு' என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டமும் புது வீட்டையே முதன்மையாகக் கொண்டது.

அனுமதி விஷயத்திலும் இதே நிலைதான். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட, கணினி வழியே விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். நல்ல சீர்திருத்தம். ஆனால் பழைய வீட்டைக் காப்பாற்றிச் செப்பனிட நினைப்பவருக்கு வழிகாட்ட இதற்கு ஈடான ஏற்பாடு எதுவும் இல்லை.

பழுதுக்கு மட்டும் அரசு பணம் ஒதுக்கியதே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2000-01ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. இது ஊராட்சிகளுக்கானது, பேரூராட்சிக்கு அல்ல. ஆனாலும் ஒரு முன்மாதிரியாக இதை நாம் எடுத்துக்காட்டலாம். கிராமத்தில் பழைய வீட்டைப் பழுது பார்ப்பது அரசுக் கடமை என்றால், சிறு நகரத்தில் ஏன் கூடாது?

வருமான வரியில் உள்ள வேறுபாடு

கணக்கு எழுதுபவர்கள் நாம். ஆகவே இதைக் கணக்காகவே பார்ப்போம். ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டுக்காக 9 சதவீத வட்டியில் ரூ.5 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வட்டி ஏறத்தாழ ரூ.45,000. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர் இந்தக் கடனைப் புது வீடு கட்டப் பயன்படுத்தினால், வட்டிக்கான கழிவு வரம்பு ரூ.2 லட்சம், 45,000 முழுவதையும் கழித்துக்கொள்ளலாம். அதே கடனை வீட்டைப் பழுது பார்க்கப் பயன்படுத்தினால் வரம்பு ரூ.30,000 மட்டுமே. மீதி 15,000க்கு வரிச் சலுகை இல்லை. புதிய வரி முறையில் உள்ளவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது.

கடைவீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரே கட்டடமானாலும் வரிக் கணக்கில் அது மூன்று பங்காகப் பிரியலாம்.

குடியிருக்கும் பகுதி: மேலே சொன்ன ரூ.30,000 வரம்பு.

வாடகைக்கு விட்ட பகுதி: உள்ளாட்சி வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென ரசீது இல்லாமலே கழிக்கலாம். பழுதுக் கடன் வட்டிக்கு ரூ.30,000 வரம்பு இங்கு இல்லை.

சொந்தக் கடை நடத்தும் பகுதி: ஓடு மாற்றுதல், பூச்சு போன்ற நடப்புப் பழுதுச் செலவை அந்த ஆண்டின் வியாபாரச் செலவாகவே எழுதலாம். புதிதாக ஒரு அறை எழுப்பினால் அது மூலதனச் செலவு. தேய்மானம் மட்டுமே கிடைக்கும்.

எனவே கொத்தனார், ஆசாரி, சாமான் பில்களைப் பகுதிவாரியாகப் பிரித்து வைப்பது நல்லது. தணிக்கையாளரிடம் வேலை தொடங்கும் முன்பே ஆலோசனை கேட்பது அதைவிட நல்லது.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டு மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இதனால் கட்டுமானச் செலவு ஓரளவு குறையும். ஆனால் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூச வேண்டாம் என்று மேலே சொன்னதை மறந்துவிட வேண்டாம்.

வாடகைச் சட்டமும் பழுதும்

பழைய கட்டடங்கள் பாழானதற்குப் பழைய வாடகைச் சட்டமும் ஒரு காரணம் என்பதை இரு தரப்பாரும் ஒப்புக்கொள்வார்கள். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைதாரரைக் காப்பாற்ற வந்தது. அது தேவையாகவும் இருந்தது. ஆனால் காலப்போக்கில், 'வருகிற வாடகைக்கு ஓடு மாற்றக்கூடக் கட்டாது' என்று உரிமையாளர் விட்டுவிட்டார். 'இது என் சொத்தா?' என்று வாடகைதாரரும் விட்டுவிட்டார். கட்டடம் தானாக விழும் நாளை எதிர்பார்த்தவர்களும் உண்டு. புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு முதல் ஐந்து ஆண்டுகள் அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் இருந்தது. சலுகை இங்கும் புதியதற்கே கிடைத்தது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுது குறித்து அது சொல்வதை நம் உறுப்பினர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுது, சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் வண்ணம், தண்ணீர்க் குழாய் மாற்றம், மின் கம்பி வேலை ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடைக் குழாய் சுத்தம் செய்வது போன்ற அன்றாடச் சிறு பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதன்படி நடக்கும். உரிமையாளர் தம் பொறுப்பிலுள்ள பழுதைச் செய்ய மறுத்தால், வாடகைதாரர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள வழி உண்டு. உரிமையாளர் வெறும் பழுதுக்கு மேல் கட்டடத்தை மேம்படுத்தினால், வேலைக்கு முன்பே இருவரும் பேசி முடித்தபடி வாடகையை உயர்த்திக்கொள்ளலாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. காலி செய்தால்தான் பழுது பார்க்க முடியும் என்ற நிலையில் உரிமையாளர் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். வேலை முடிந்ததும் பழைய வாடகைதாரர் தானாகவே திரும்பி வந்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. திரும்பக் குடியேறுவது குறித்து இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு உரிய அதிகாரியிடம் பதிய வேண்டும். 'முப்பது வருஷப் பழக்கம், வாய்ப்பேச்சு போதும்' என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை. கோயில் இடத்திலும் பேரூராட்சிக் கடைகளிலும் இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் அந்தந்த அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

கோட்டைக்கு அருகில் உள்ளவர்கள்

'உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்துவிட்டது. இனி ஊரில் ஆணி அடிக்கக்கூட முடியாது' என்ற பேச்சு உலவுகிறது. இது சரியல்ல. கட்டுப்பாடு இப்போது புதிதாக வந்ததும் அல்ல. 1992 ஜூன் 16 அறிவிப்பில் தொடங்கி, 2010இல் தொல்லியல் சின்னங்கள் சட்டத் திருத்தத்தால் உறுதியானது.

பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தூரத்தை மலையிலிருந்தோ வாயிலிலிருந்தோ அளப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்துதான் அளக்கிறார்கள். நம் கடைத்தெருவின் பெரும்பகுதி கோட்டையிலிருந்து வெகுவாகத் தள்ளி இருப்பதால் அங்குள்ளவர்கள் இது குறித்து அஞ்சத் தேவையில்லை. கோட்டையை ஒட்டிய திருவண்ணாமலைச் சாலைப் பகுதியிலும் மலையடியிலும் இருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

தடை செய்யப்பட்ட 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. ஆனால் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அடுத்த 200 மீட்டரில் புதிதாகக் கட்டவும், பழைய அளவிலேயே திரும்பக் கட்டவும், பழுது பார்க்கவும் அனுமதி கேட்கலாம். அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 2 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை வலியுறுத்த விரும்புகிறோம். மற்ற அரசுத் திட்டங்களெல்லாம் புதியதற்குச் சாதகமாக இருக்க, இந்த ஒரு சட்டம்தான் பழுது பார்ப்பவருக்கு வழிவிடுகிறது. வீட்டை இடித்துவிட்டால் 100 மீட்டருக்குள் மறுபடி எழுப்பும் வாய்ப்பை இழக்க நேரும். வீட்டை நிறுத்தி வைத்துப் பழுது பார்த்தால் உரிமை காப்பாற்றப்படும். ஆகவே அந்தப் பகுதியில் உள்ளவர்கள் அவசரப்பட்டுச் சுவரில் கடப்பாரை வைக்க வேண்டாம்.

கால அளவும் சட்டத்திலேயே உள்ளது. விண்ணப்பம் பெற்ற அதிகாரி 15 நாளில் அதைத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அது வந்த 1 மாதத்தில் அதிகாரி அனுமதி தரவோ மறுக்கவோ வேண்டும். மொத்தம் மூன்றரை மாதம். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமென்றால் பங்குனியிலேயே மனுப் போட்டுவிட வேண்டும். 1992க்கு முன் கட்டடம் இருந்ததைக் காட்டப் பழைய சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கிரயப் பத்திரம், தேதி தெரியும் புகைப்படம் ஆகியவற்றைத் தேடி எடுத்து வைப்பது அவசியம்.

மற்ற ஊர்களின் அனுபவம்

மும்பை: அங்கு 1947 சட்டத்தால் வாடகைகள் 1940ஆம் ஆண்டு அளவில் நின்றுவிட்டன. பராமரிப்பு இல்லாமல் மழைக்காலந்தோறும் கட்டடங்கள் விழத் தொடங்கியதும், 1969இல் பழுது மற்றும் மறுகட்டுமான வாரியச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் மீது ஒரு தீர்வை வசூலித்து, அந்த நிதியிலிருந்து வாரியமே பழுது பார்க்கும் ஏற்பாடு. தொடக்கத்தில் சுமார் 19,600 கட்டடங்கள் இதில் அடங்கின. எண்ணம் சிறந்தது. ஆனால் செலவு வரம்பு குறைவு, கட்டடங்களோ மிகுதி. வணிகர் நிறைந்த பேண்டி பஜாரில் 2017 ஆகஸ்டு 31 அன்று ஒரு பழைய கட்டடம் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழுதுக்குத் தனி நிதி வேண்டும். அது கட்டடம் தளர்வதற்கு முன்பே வர வேண்டும் என்பதே இதன் பாடம்.

புதுச்சேரி: நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் இது. தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் தெருவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் 2002 முதல் 2004 வரை, புதுச்சேரி நகராட்சியும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து வீட்டு முகப்புகளைத் திண்ணை, தாழ்வாரத்தோடு பழைய தோற்றத்துக்குக் கொண்டு வந்தன. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்கள் ஏற்றார்கள். 2008இல் அத்தெருவின் சீரமைப்புக்கு யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒரு வீடு மட்டுமல்லாமல் தெருவே சேர்ந்து நின்றதால் இது நடந்தது. அதே புதுச்சேரியில் அரசுக்குச் சொந்தமான பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பிறகு பழைய வடிவத்திலேயே முழுவதும் புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. காலத்தில் பார்க்காத பழுது எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பினாங்கு: தமிழ் வணிகர்கள் பல தலைமுறையாகக் கடை நடத்தும் ஜார்ஜ் டவுனில் நம் கடைத்தெருவைப் போலவே கீழே கடை, மேலே வீடு. மலேசியாவின் வாடகைக் கட்டுப்பாடு 1997 சட்டத்தால் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முற்றிலும் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியதால் பல பழைய குடும்பங்கள் வெளியேறின. பல கடைவீடுகள் காலியாகிப் பாழடைந்தன. 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, 2009இல் திங்க் சிட்டி என்ற அமைப்பின் மூலம் 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டம் வந்தது. உரிமையாளரும் பணம் போட, திட்டமும் தன் பங்கைத் தர, கடைவீடுகள் பழுது பார்க்கப்பட்டன. கட்டடங்கள் பிழைத்தன, ஆனால் முன்பே போய்விட்ட குடும்பங்கள் திரும்பவில்லை. மானியம் வாடகைச் சீர்திருத்தத்துக்கு முன்போ, கூடவோ வந்திருக்க வேண்டும்.

ஹம்பி: 1986இலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். அங்கு விருபாட்சர் கோயில் முன்னுள்ள கடைத்தெருவின் பழைய மண்டபங்களை ஒட்டிக் கடையும் வீடுமாக இருந்தவர்களை 2011 ஜூலைக் கடைசியில் அப்புறப்படுத்தி இடித்தார்கள். செஞ்சியில் நிலைமை வேறு. நம் கடைகள் நினைவுச் சின்னத்தின் மேல் இல்லை. இருந்தாலும், திட்டம் வகுக்கும்போது ஊரார் பேச்சு அரங்கில் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை ஹம்பி வணிகர்கள் நமக்குச் சொல்கிறார்கள்.

அகமதாபாதில் பாரம்பரிய வீட்டு உரிமையாளர் தம் மனையில் பயன்படுத்தாத கட்டட உரிமையை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்று, அந்தப் பணத்தில் வீட்டைக் காக்கலாம். பெருநகரத்துக்கு இது பொருந்தும். செஞ்சி போன்ற ஊரில் அந்த உரிமையை விலை கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது கடினம். நமக்கு ஏற்றது புதுச்சேரி, பினாங்கு வழியிலான பங்கு மானியமே.

நாம் கேட்க வேண்டியவை

கோட்டையைச் சுற்றியுள்ள வளர்ச்சிக்குத் திட்டங்கள் தீட்டப்படும் இவ்வேளையில் வணிகர் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றை வலியுறுத்த வேண்டும் என்பது நம் கருத்து.

1. பேரூராட்சி எல்லையிலுள்ள பழைய வீடுகளையும் கடைவீடுகளையும் கணக்கெடுத்து, நல்ல நிலை, பழுது பார்க்கத்தக்க நிலை, ஆபத்தான நிலை என்று வகைப்படுத்த வேண்டும். ஆபத்தானவற்றை இடிக்க நாம் தடை சொல்லவில்லை. பிழைக்கக்கூடியவற்றை அவற்றோடு சேர்த்துவிடக் கூடாது.

2. சுற்றுலா வளர்ச்சிக்கு வரும் நிதியில் ஒரு பங்கைப் பழைய வீடுகளின் பழுதுக்கு மானியமாக ஒதுக்க வேண்டும். பாதிச் செலவை உரிமையாளர் ஏற்கட்டும். வாடகைதாரரை வெளியேற்றாமல் வேலை செய்வதும் ஒரு நிபந்தனையாக இருக்கட்டும்.

3. பழுதுக் கடன் வட்டிக்கு வருமான வரியில் உள்ள ரூ.30,000 வரம்பைப் புது வீட்டுக் கடனுக்கு இணையாக உயர்த்த வேண்டும்.

4. 100 மீட்டர், 300 மீட்டர் எல்லைகளைச் சர்வே எண்களோடு தமிழில் அச்சிட்டுப் பேரூராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். யார் எல்லைக்குள், யார் வெளியே என்ற ஐயம் இருக்கக் கூடாது.

5. சுண்ணாம்பு வேலையும் மெட்ராஸ் டெரஸ் வேலையும் தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள். இளைஞர்களுக்கு அதில் பயிற்சி தர வேண்டும். பழுது வேலை உள்ளூர்க் கூலியாகவும் உள்ளூர்க் கடைகளின் விற்பனையாகவும் இங்கேயே சுழலும்.

6. சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும். செலவில்லாமல் பல வீடுகளைக் காப்பாற்றும் வழி இது.

நாமே செய்யக்கூடியவை

அரசு தரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. புரட்டாசிக்குள் மாடித் துவாரங்களைச் சுத்தம் செய்து, உடைந்த ஓடுகளை மாற்றி, சுவரில் முளைத்த செடிகளை வேரோடு எடுத்துவிட வேண்டும். பட்டா, வரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் வீட்டுக்கு வங்கியும் கடன் தராது, எந்தத் திட்டமும் மானியம் தராது. பங்காளிகளுக்குள் பேசித் தீர்க்காத வீடுதான் பெரும்பாலும் முதலில் விழுகிறது. வாடகைதாரரும் உரிமையாளரும் பழுதுப் பொறுப்பை எழுத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே தெருவில் நான்கைந்து பேர் சேர்ந்து வேலை வைத்தால் கொத்தனார் கூலியும் சாமான் விலையும் குறையும் என்பதை மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோட்டையைக் காண வருபவர் மலையிலிருந்து இறங்கியதும் வருவது நம் கடைத்தெருவுக்குத்தான். அங்கே திண்ணையும் ஓடுமாக உயிருள்ள ஒரு பழைய ஊர் இருக்க வேண்டுமா, எந்த ஊரிலும் காணும் கான்கிரீட் வரிசை இருக்க வேண்டுமா என்பதை இனி வரும் சில ஆண்டுகளின் திட்டங்கள் முடிவு செய்யும். அந்த முடிவில் நம் பங்கு இருக்க வேண்டுமானால், பேரூராட்சிக் கூட்டத்திலும் மாவட்ட நிர்வாகத்திடமும் மேற்கண்ட கோரிக்கைகளை இப்போதே எழுத்தில் கொடுப்போம். அடுத்த மழைக்கு முன் நம் வீட்டு ஓட்டையும் மாற்றுவோம்.